தங்கத் தகடும் சேவல் வாலும்

ஊத்துப்பாறை ஜமீன்தார் பொம்முலு நாயக்கருக்குப் புது வில் ஒன்று வந்தது. அம்பு நழுவாமல் இருக்க அதன் நடுவில் ஒரு வெள்ளி வளையம். அம்பு அதற்குள் நுழைந்துதான் பாய வேண்டும். வில்லுக்கேற்ற அந்தஸ்து அம்புக்கும் வேண்டாமா? வாலில் இருந்த சேவல் இறகைப் பிடுங்கிவிட்டு விறைப்பான தங்கத் தகட்டை ஒட்டச் சொன்னார். அப்புறம் பன்றிக்குக் குறி வைத்தால் அம்பு பனைமரத்தில் போய்க் குத்தியது.

பழியெல்லாம் அம்பு கட்டும் சீலாயியின் தலையில் விழுந்தது.

"நாளைக்குப் பாரிவேட்டை. தகடும் இருக்கணும், அம்பும் நேராப் போகணும். இல்லேன்னா ஊரைவிட்டே ஓடிரு!"

"ஆகட்டும் சாமி. வேட்டைக் கோலத்தோட காலையில என் குடிசைக்கு வந்து வாங்கிக்கங்க."

மறுநாள் பரிவாரம் புடைசூழ வந்தார். குடிசை வாசலோ குட்டை. லேசாகக் குனிந்து நுழைந்தார். தலைப்பாகையில் நிமிர்ந்து நின்ற தங்கக் குஞ்சம் வாசல் நிலையில் இடித்தது. ஜமீன்தார் பக்கவாட்டில் தள்ளாடி, வாசலோரம் இருந்த கோழிக்கூட்டின் மேல் விழுந்தார். பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த சேவல் மிரண்டு, கூட்டின் சின்னப் பொந்துக்குள் பாய்ந்தது. வால் மடங்கி நுழைந்தது, உள்ளே போனதும் விரிந்துகொண்டது.

சீலாயி கைகட்டி நின்றாள். "வளையத்துல தகடு இடிக்குது, இறகு மடங்கிப் போகுது. தகட்டை நேரா அனுப்புற வித்தை எனக்குத் தெரியல சாமி. நீங்க இன்னொரு தடவை, அதே தலைப்பாகையோட, இடிக்காம நுழைஞ்சு காட்டுங்க. பாத்துக் கத்துக்கிறேன்."

பரிவாரம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டது. ஜமீன்தார் நெற்றியைத் தடவியபடி, "இறகையே கட்டு" என்றார்.

அடுத்த முறை அம்பு வாங்க வந்தபோது தலைப்பாகை அவர் கக்கத்தில் இருந்தது.