முரசு அடங்கிய மண்டபம்

எத்தனையோ ராஜாக்களுக்கு முன்னால், மழை எட்டிப் பார்க்காத ஒரு பாலைவனத்தில் ஒட்டகத்துறை என்று ஓர் ஊர் இருந்தது, கேளுங்கள். இப்போது அங்கே ஆளில்லை. மணலில் பாதி புதைந்த ஒரு மண்டபம் மட்டும் நிற்கிறது. அதன் கதைதான் இது.

அந்த மண்டபத்தில் ஒரு முரசு இருந்தது. மணல்காற்று எழுந்தால் நடுப்பகலிலும் எதிரே நிற்பவர் தெரியாது. அப்போது வேம்பன் என்பவன் காற்று ஓயும்வரை முரசை அடிப்பான். வழி தவறியவர்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவர்களைப் போல ஊருக்குள் வந்து சேருவார்கள். யார், எவர் என்று கேட்காமல் தண்ணீர் கொடுப்பது ஊர் வழக்கம்.

ஒரு கோடையில் முதல் காற்று வந்தது. முரசு கேட்டுப் பத்துப் பேர் வந்தார்கள். கிணறு ஒரு முழம் இறங்கியது. இரண்டாம் காற்று வந்தது. ஒட்டகங்களோடு முப்பது பேர் வந்தார்கள். கிணறு ஓர் ஆள் உயரம் இறங்கியது.

ஊர்த்தலைவர் அரியநாயகம் கிணற்றை எட்டிப் பார்த்துக் கணக்குப் போட்டார். அவருடைய ஒரே மகள் செங்கமலம் தலைப்பிரசவத்துக்கு அடுத்த மாதம் வரப்போகிறாள். அவளுக்குத் தண்ணீர் வேண்டாமா? நல்ல தகப்பன்தான், பாவம்.

"இனிமே நம்ம ஆளு வெளியே மாட்டிக்கிட்டா மட்டும் முரசு அடிச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் காற்று வந்தது. வீடு வீடாகப் போய்த் தலை எண்ணினார்கள். யாரும் குறையவில்லை.

"ஐயா, ஒரு தடவையாவது அடிச்சிடறேனே. மனசு கேக்கல" என்றான் வேம்பன்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் உள்ளேதானே இருக்காங்க? கோலைக் கீழே வை" என்றார் தலைவர்.

மூன்று நாள் காற்று வீசியது. மூன்று நாளும் முரசு சும்மா கிடந்தது.

நாலாம் நாள் ஒட்டகக்காரன் ஒருவன் தள்ளாடித் தள்ளாடி வந்தான். செங்கமலத்தை அழைத்து வந்தவன் அவன்.

"நல்ல நாள்னு புகுந்த வீட்டுல முன்னாடியே அனுப்பி வச்சாங்கய்யா. இந்த மதில் வரைக்கும் வந்துட்டோம். கையால தொட்டுப் பாத்து, ஊர் வந்துருச்சும்மான்னு சொன்னேன். அவங்கதான் கேக்கல. 'எங்க ஊர்ல முரசு அடிக்காம இருக்கவே மாட்டாங்க. இது ஏதோ ஆளில்லாத பாழூரு, திருப்புங்க'ன்னுட்டாங்க. ரெண்டு கல் தாண்டி ஒட்டகம் விழுந்துருச்சு. அவங்களும் பொழைக்கல."

தலைவர் முரசின் அடியில் போய் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசி, ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தது. குடிக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. செங்கமலம் சொன்னது போலவே அது பாழூராகிவிட்டது.

ஆகவே பெரியோரே, பிள்ளைகளே, நம்மவரா என்று பார்த்து உதவ நினைப்பவர் கடைசியில் நம்மவரையும் இழந்து நிற்பார்.