துருத்திக்குள் போன மாப்பிள்ளை

நண்டுத்துறையில் உப்பு வாரும் அண்ணன் தம்பிகள் மூன்று பேருக்கும் அறிவைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. நெஞ்சுக்குள் எங்கேயோ கிடக்கிறது என்று நிம்மதியாக இருந்தார்கள். அதைக் கெடுத்தவர் ரோமாபுரிக் கப்பலில் வந்த யவன வைத்தியர்.

கடற்கரையில் ஒரு மாட்டுத் தலையைப் பிளந்து காட்டினார் அவர். "நினைப்பு நெஞ்சில் இல்லையப்பா, இங்கே இருக்கிறது. மூளைக்குள் அறைகள், அறைகளுக்குள் மெல்லிய காற்று. அது நரம்பு வழியாக ஓடித்தான் கை கால் அசைகிறது. தலையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்."

நரம்பு விஷயத்தில் மனுஷர் பெரிதாகத் தவறவில்லை. உள்ளே ஓடுவது காற்றல்ல, ஒருவகை மின்சாரம் என்கிறார்கள் இன்றைய டாக்டர்கள். அந்தக் காலத்தில் அவருக்கு மின்சாரத்தை யார் கொடுத்தார்கள், பாவம்!

மூவரும் தலையைப் பிடித்துக்கொண்டே வீடு திரும்பினார்கள். கொல்லன் பட்டறையில், உலைக்குக் காற்று ஊதும் தோல் துருத்திக்குப் பக்கத்தில் வந்தபோது, கடைசித் தம்பி அந்துவன் ஒரு தும்மல் போட்டான். உலைச் சாம்பல் எழுந்து அடங்கியது.

"போச்சு! மொத்தக் காத்தும் போச்சுடா!" என்று அலறினான் மூத்தவன் பூதன்.

"நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு எவனாவது தும்முவானா?" நடுவுள்ளவன் கீரன் தலையில் அடித்துக்கொள்ளப் போனான். காற்று சிந்திவிடும் என்று கையை இறக்கிக்கொண்டான்.

கவலை நியாயமானதுதான். "மாப்பிள்ளைக்கு அறிவு இருந்தாப் போதும். இல்லேன்னா பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று பெண்ணைப் பெற்றவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்துவனோ மணப்பெண் பூங்கணி மேல் உயிரையே வைத்திருந்தான்.

"எந்தப் பக்கம்டா போச்சு?" என்று தேடினான் பூதன்.

"துருத்தி வாயத் தொறந்துக்கிட்டு இருந்துச்சுண்ணே. வேற எங்க போகும்?" என்றான் கீரன்.

கொல்லனிடம் கெஞ்சித் துருத்தியை வாங்கி, தம்பி மூக்கில் வைத்து அமுக்கினார்கள். காற்றோடு சாம்பலும் ஏறியது. அந்துவன் முன்னதைவிடப் பெரிதாகத் தும்மினான்.

"பாத்தியாண்ணே, திரும்பவும் உள்ள போயிருச்சு. அதுக்கு அந்த இடம் பிடிச்சுப்போச்சு" என்று கீரன் அவசரமாகத் துருத்தியின் வாயைக் கட்டினான்.

அந்துவன் ஓவென்று அழுதான். பூதன் நெற்றியைச் சுருக்கினான். "அறிவு துருத்தியில இருக்குன்னா, இங்க அழுறது யாரு?"

"அது வெறும் பழக்கம்ணே. தலை போன கோழி ஓடலையா?"

"அப்ப பூங்கணி மேல ஆசை எனக்கா, துருத்திக்கா?" என்று விம்மினான் அந்துவன்.

"துருத்திக்குத்தான்" என்று தீர்ப்பளித்தார்கள் அண்ணன்கள்.

மறுநாள் பந்தலில் மாப்பிள்ளை மடியில் துருத்தியோடு உட்கார்ந்தான். நடந்ததைப் பூதன் ஒளிக்காமல் சொன்னான். பெண்ணைப் பெற்றவர் எழுந்து வந்து, துருத்தியின் கட்டை அவிழ்த்து, அதன்மேல் கையை ஊன்றிக் குனிந்தார்.

"எம்பொண்ண நல்லா வச்சுக்குவீங்களா?"

'புஸ்ஸ்' என்றது துருத்தி.

"அறிவாளி! சுருக்கமாப் பேசுறார்" என்று அவர் பூரித்துப் போனார். பூங்கணி வெட்கத்தோடு துருத்திக்கு மாலை போட்டாள்.

"அப்ப நான்?" என்று கேட்டான் அந்துவன்.

"நீங்களும் வாங்க. அவரைத் தூக்கிட்டு வர ஆள் வேணுமே" என்றாள் பூங்கணி.

அந்துவனுக்குப் போன உயிர் வந்தது. துருத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். பட்டறையைத் தாண்டும்போது மட்டும் மெதுவாகக் குனிந்து சொன்னான்:

"இங்க சாம்பல் ஜாஸ்தி. பாத்துங்க, தும்மிராதீங்க."