மூணு அங்குலம்

தூத்துக்குடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஜூடோ தேர்வு. நாற்பது கிலோ பிரிவுக்கு வந்த மாரிக்கனி, ஓட்டத்திலும் தண்டாலிலும் எல்லாரையும் முந்தியிருந்தாள். தேர்வாளர் அற்புதராஜ் அவள் உயரத்தை டேப்பால் அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"குட்டச்சி! மூணு அங்குலம் வளந்துட்டு வா, போ."

மாரிக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜூடோவில் எடைக்குத்தானே பிரிவு, உயரத்துக்கு எவன் வைத்தான்? அவர் கையிலிருந்த உயர அளவுப் பட்டியலை எட்டிப் பார்த்தாள். தலைப்பில் 'வாலிபால்' என்று இருந்தது. போன மாசம் நடந்த வாலிபால் தேர்வின் தாளையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன்!

"அதுக்கென்ன சார், இப்பமே வளந்துருதேன். மெத்தைக்கு வந்து என் காலரைப் பிடிங்க."

"நீ என்னைத் தூக்கிப் போடப்போறியாக்கும்?" என்று சிரித்தபடி, டேப்பும் கையுமாக ஏறினார் அந்த ஆறடி மனிதர். அவள் காலரை எட்டுவதற்கே அவர் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. குனிந்ததுதான் தெரியும். அவள் இடுப்பைக் கொடுத்துச் சுழற்றியதில், மெத்தை அதிர மல்லாந்து கிடந்தார்.

மாரிக்கனி விளையாட்டு முறைப்படி குனிந்து வணங்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"டேப் உங்க கையிலதான இருக்கு? இப்பம் அளங்க சார், நம்ம ரெண்டு பேர்ல யாரு ஒசரம்?"