பதினோரு நாயும் மோர்க்காரி அஞ்சலையும்

முன்னொரு காலத்துல, ஆத்துல நெசமாவே தண்ணி ஓடிக்கிட்டு இருந்த காலத்துல, வெள்ளாம்பட்டணம்னு ஒரு ராச்சியம். அதுக்கு ஒரு ராசா. பேரு குணபூபதி. பேருல இருந்த குணம் ஆளுகிட்ட இருந்துச்சான்னு இப்பவே கேக்காதீங்க, கதை முடிஞ்சதும் நீங்களே சொல்லுங்க.

அந்த ராசாவுக்கு ஒரே ஒரு ஆசை. அரண்மனையைச் சுத்தி மேகத்துல இடிக்கிற மாதிரி ஒரு மதில் வேணும். கல்லுக்கு எங்க போறது? மலை ரொம்ப தூரம். அப்பத்தான் வந்து சேந்தான் புகையூதின்னு ஒரு மந்திரவாதி. மீசை இந்தக் காதுலேருந்து அந்தக் காது வரைக்கும். இடுப்புல ஒரு பித்தளை டப்பா. டப்பா நிறைய மந்திரச் சாம்பல்.

"கல்லு நான் தரேன் ராசா. நாய் நீங்க குடுங்க"ன்னான்.

"எந்த நாய்?"

"யாருக்கும் வேண்டாத நாய்."

அவ்வளவுதான், ஊருக்கு வெளியில ஒரு நாய்ப்பட்டி கட்டிட்டாங்க. அதுக்கு முன்னாடியெல்லாம் நாயை விரட்டணும்னா, கோணிச்சாக்குல போட்டு, நாலு பக்கமும் பாத்து, ஆத்துக்கு அக்கரையில விட்டுட்டு வருவாங்க. கொஞ்சம் வெக்கமாவது இருந்துச்சு. இப்ப அந்த வெக்கமும் போச்சு. குட்டியா இருக்கையில மடியில போட்டுக் கொஞ்சினவன், வளந்ததும் பட்டி வாசல்ல கட்டிட்டுப் போயிட்டான். திரும்பிப் பாத்தானா? இல்ல. நாய்தான் அவன் போன வழியையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

வெள்ளிக்கிழமை தவறாம, உச்சி வெயில்ல, பட்டி நாய்ங்களை மதிலடிக்கு இழுத்துட்டு வருவாங்க. புகையூதி கை நிறைய சாம்பல் அள்ளுவான். அவன் மந்திரத்துல மூணு கட்டு உண்டு. யாராச்சும் "என்னோடது"ன்னு சொல்லிட்டா அது பலிக்காது. ஒரு வாய்க்கு ஒரு நாய்தான், ஒருத்தரே ரெண்டு நாயைச் சொந்தம்னு சொல்ல முடியாது. கையில அள்ளின சாம்பல் திரும்ப டப்பாவுக்குள்ள போகாது, யாராவது கல்லா ஆகியே தீரணும். அதனால ஊதுறதுக்கு முன்னாடி மூணு தடவை கேப்பான்.

"யாரு நாய்? யாரு நாய்? யாரு நாய்?"

கூட்டமெல்லாம் மேகத்தைப் பாக்கும். ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டான். ஃபூன்னு ஒரு ஊது. வாலை ஆட்டிக்கிட்டே இருந்தது அப்படியே கல்லு. தூக்கி மதில்ல வை.

இப்ப நம்ம அஞ்சலைக்கு வருவோம். தெருத்தெருவா மோர் விக்கிறவ. அவளுக்கு ரெண்டு விஷயம் உண்டு. ஒண்ணு, யாரு பேசினாலும் அச்சு அசலா அப்படியே பேசிக் காட்டுவா. மந்திரி குரல்ல இருமினா மந்திரி பொண்டாட்டியே கசாயம் எடுத்துட்டு ஓடி வரும். இன்னொண்ணு, அவளுக்கு நாயைக் கண்டாலே ஆகாது. ஆகுமா பின்ன? வாசலுக்கு வாசல் துரத்துது. அதுலயும் பட்டுக்கடைக்காரர் வீட்டுச் செவலை இருக்கே, ஆறு வருஷத்துல ஆறு கடி. வலது கெண்டைக்கால்ல வரிசையா இருக்கும், விளக்குமாத்தால கோலம் போட்ட மாதிரி.

ஒரு திங்கக்கிழமை அந்த வீட்டு வாசலுக்குப் போறா. கையில கம்பு தயாரா இருக்கு. குலைப்புச் சத்தமே இல்ல.

"அம்மா, எங்க உங்க செவலை?"

பட்டுக்கடையம்மா செம்பை நீட்டிக்கிட்டே சொல்லுது, "எந்தச் செவலை? எங்க வீட்டுல நாயே கிடையாதே."

அஞ்சலைக்கு ஒண்ணும் புரியல. அடுத்து பட்டிக்குப் போனா. அங்க காவக்காரன் கோட்டைச்சாமிக்கு வாராவாரம் ஒரு சொம்பு மோர் வாடிக்கை. "மோரே... மோரோ மோரு"ன்னு குரல் குடுத்தா. உள்ள மூலையில கிடந்த ஒரு செவப்பு நாய் தள்ளாடி எந்திரிச்சு வந்து, கம்பிக்கு நடுவுல மூக்கை நீட்டி, வாலை ஆட்டுது.

"சனியனே, என்னைப் பாத்து எதுக்குடா வாலை ஆட்டுற?"

கோட்டைச்சாமி சொன்னான், "அக்கா, மூணு நாளா சோத்தைத் தொடல. இப்பத்தான் எந்திரிக்குது. உன் குரல் கேட்டுத்தான்."

அஞ்சலை மோர்ப் பானையை இறக்கி வச்சா. செவலை இருந்த தெருவுலேருந்து அது காதுக்கு வந்த ஒரே குரல் இவ குரல். கம்பால அடிச்ச குரல். அதுக்குப் போயி வாலை ஆட்டுதே இது.

"எத்தன நாய்டா இருக்கு?"

"பதினொண்ணு. எல்லாம் வெள்ளிக்கிழமைக்கு."

பதினொண்ணையும் பாத்தா. பதினொண்ணையும் அவளுக்குத் தெரியும். எது எந்த வாசல்ல துரத்துச்சுன்னு அவ கால்கிட்ட கேளுங்க, அதுவே சொல்லும். கோவம் வந்துச்சு பாருங்க, மோர்ப் பானையே சூடாயிருக்கும்.

நேரா பட்டுக்கடைக்காரர் சிங்காரவேலு வீடு. "ஐயா, உங்க செவலை பட்டியில சாகப் போகுது."

"எங்களுக்கு ஏது நாய்? அது தெரு நாய்."

அஞ்சலை புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினா. "இது உங்க படியில வாங்கினது. இது உங்க மாடத்துக்கிட்ட. இது உங்க மக கல்யாணத்தன்னைக்கு, பந்தக்காலுக்குப் பக்கத்துல. தெரு நாயா கல்யாணத்துக்குக் காவல் இருந்துச்சு?"

"முடி கொட்டுது. பட்டெல்லாம் பாழாகுது. போ, போ."

அடுத்தது வைத்தியர் வீடு. "ஐயா, உங்க மணி..."

"எந்த மணி? சங்கு ஊதினா கூடவே ஊளையிடும். நோயாளி பயந்து செத்துட்டா யாரு பதில் சொல்றது? ஆனா அது எங்க நாய் இல்ல."

அடுத்தது மந்திரி வீடு. "குலைக்கவே தெரியாத நாயை வச்சு நான் என்ன செய்ய? ஆனா ஒண்ணு, எங்க வீட்டுல நாயே இருந்ததில்ல."

மூணு வீடு, மூணு பொய். வாசல்ல நின்னு மூணு பேர் குரலையும் பேசிக் காட்டினா, தெருவே சிரிச்சுது. அவ மட்டும் சிரிக்கல. "பொய் சொல்ற வாசல்ல மோர் கிடையாது"ன்னுட்டு பானையைத் தூக்கிட்டா.

வேண்டாம்னவன் வீட்டுல கொண்டு போயி கட்டினா மறுபடியும் பட்டிக்குத்தான் வரும். வேற வீடு பாப்போம். எந்த வீட்டுக்கு எது ஒத்து வரும்னு வாசலுக்கு வாசல் போறவளுக்குத் தெரியாதா? ஒளிச்சு மறைச்சுச் சொல்லவும் இல்ல. நாயோட கெட்ட குணத்தைத்தான் முதல்ல சொன்னா.

நாயனக்காரர் தில்லையாகிட்ட போனா. "அண்ணே, வாசிச்சா கூடவே ஊளையிடுற நாய் ஒண்ணு இருக்கு."

"சுதி சேருமா?"

"உங்க மச்சான் ஒத்து ஊதுறதைவிட நல்லாவே சேரும்."

பிள்ளை பெத்து நாப்பது நாளா தூங்காத தாயம்மாகிட்ட போனா. "தாயி, குலைக்கவே தெரியாத நாய் வேணுமா?"

"அக்கா, இப்பவே கூட்டிட்டு வா."

செருப்புத் தைக்கிற மாடசாமிகிட்ட போனா. "தம்பி, ஊர்ச் செருப்பையெல்லாம் கடிச்சுத் தின்னுற நாய் ஒண்ணு."

மாடசாமி யோசிச்சான். "என் கடைச் செருப்பைத் திங்குமா, ஊர்ச் செருப்பைத் திங்குமா?"

"ஊர்ச் செருப்பை."

"அப்ப அது என் தொழில் கூட்டாளி."

பட்டிக்குள்ள போன நாயை வெள்ளிக்கிழமை மதிலடியில சொந்தம்னு சொல்லித்தான் மீக்க முடியும். இப்படியே வியாழக்கிழமைக்குள்ள பத்துக்கு வீடு கிடைச்சிருச்சு. செவலைக்கு மட்டும் கிடைக்கல. "கெட்ட குணம் என்ன?"ன்னு கேப்பாங்க, "கடிக்கும்"பா. கதவைச் சாத்திருவாங்க. "நீயே வச்சுக்கயேன்"னா ஒருத்தி. "நானா? ஆறு கடி கடிச்சதையா?"ன்னு கேட்டுட்டு வந்துட்டா அஞ்சலை.

வெள்ளிக்கிழமை. உச்சி வெயில். மதில் மேல குடை பிடிச்சு ராசா உக்காந்திருக்காரு. புகையூதி கை நிறைய சாம்பலை அள்ளிட்டான்.

"யாரு நாய்?"

"என் நாய்"னாரு தில்லையா. மணி ஓடிப் போயி அவர் காலடியில உக்காந்துச்சு.

"என் நாய்"னா தாயம்மா, இடுப்புல பிள்ளையோட. "என் நாய்"னான் மாடசாமி. பத்து வாய், பத்து நாய். புகையூதிக்கு மீசை தொங்கிப் போச்சு. கடைசியா செவலையை இழுத்துட்டு வந்தாங்க. எலும்பும் தோலுமா நின்னுச்சு.

"யாரு நாய்?"

பட்டுக்கடைக்காரர் மேகத்தைப் பாத்தாரு.

"யாரு நாய்?"

செவலை கூட்டத்தைத் தேடுது. தேடித் தேடி அஞ்சலையைக் கண்டுபிடிச்சு, வாலை ஆட்டுது.

"யாரு..."

"என் நாய்தாண்டா"ன்னா அஞ்சலை. "ஆறு கடி கடிச்சிருக்கு, என்னைவிட யாருக்குடா உரிமை?"

ஊரே கைதட்டுச்சு. ஆனா புகையூதி கையில சாம்பல் அப்படியே இருக்கு. யாராவது கல்லாகணும். அவன் கண்ணு சுத்திச் சுத்தி வந்து அஞ்சலை மேல நின்னுச்சு. புருசன் இல்ல, பிள்ளை இல்ல, ஒத்தையில மோர் விக்கிறவ.

இளிச்சுக்கிட்டே கேட்டான், "இவ யாரு ஆளு? யாரு ஆளு?"

மூணாவது தடவை கேக்க வாயெடுத்தான், செவலை பாஞ்சுது. அவன் கெண்டைக்காலைக் கவ்வி ஒரு கடி. கூடவே தில்லையா சொன்னாரு, "எங்க ஆளு." தாயம்மா சொன்னா, "எங்க அக்கா." கோட்டைச்சாமி வேல்கம்பைக் கீழ போட்டுட்டு, "எங்க மோர்க்காரி"ன்னான்.

புகையூதி ஒத்தக் கால்ல நொண்டுறான். அப்ப அஞ்சலை தொண்டையைச் செருமிக்கிட்டா. அவன் குரல்லயே, அந்த மூக்கடைச்ச இழுவையோட கேட்டா.

"இந்த மந்திரவாதி யாரு ஆளு? யாரு ஆளு? யாரு ஆளு?"

ஊரு சும்மா இருந்துச்சு. புகையூதி மதில் மேல பாத்தான். "ராசா, நான் உங்க ஆளு. சொல்லுங்க ராசா."

ராசா குடையைத் தாழ்த்திக்கிட்டு மேகத்தைப் பாத்தாரு. "யாருன்னே தெரியலையே. தெருவுல போறவனா இருக்கும்"னாரு.

சாம்பலுக்குக் குரல்தானே அடையாளம், தன்னால எந்திரிச்சு, ஊதுறவன் மூஞ்சியிலயே அப்புச்சு. தலைப்பாகை கல்லு. மீசை கல்லு. கால் கல்லு. டப்பா உருண்டு போயி சாக்கடையில விழுந்துச்சு.

அப்புறம் மதில் லேசா நெளிஞ்சுது. ஒரு கல்லு காதை ஆட்டுச்சு. ஒண்ணு கொட்டாவி விட்டுச்சு. அடுத்த நிமிஷம் மதில் மொத்தமும் நாயா இறங்கி ஓடி வருது, அதுங்க முதுகு மேலயே குடையும் ராசாவுமா உருண்டு வந்து அஞ்சலை மோர்ப் பானை பக்கத்துல விழுந்தாரு.

"ராசா, இதெல்லாம் யாரு நாய்?"ன்னா அவ.

பக்கத்துல ஒரு கல்லு மந்திரவாதி நிக்கிறான். ராசா அதைப் பாத்துக்கிட்டே சொன்னாரு, "என்... என் நாய்."

"ஒண்ணொண்ணுக்கும் தனித்தனியா சொல்லுங்க."

சாயங்காலம் வரைக்கும் சொன்னாரு. மதில் இருந்த இடத்துல இப்ப நாய்ங்க வெயில் காயுது, வீடு பாக்க வர்றவங்களுக்கு ராசாவே நின்னு கெட்ட குணத்தை எடுத்துச் சொல்லணும். பட்டிக்கதவை விறகுக்குப் போட்டாச்சு.

பட்டுக்கடைக்காரர் மறுநாள் வந்தாரு, கையில தேங்காய் பர்பி. "வாடா செவலை, நம்ம வீட்டுக்குப் போலாம்."

செவலை அவரைப் பாத்ததும் வாலை ஆட்டுச்சு. அதைப் பாத்து அஞ்சலைக்கு வயித்தெரிச்சல் தாங்கல. பர்பியைத் தின்னுச்சு. தின்னுட்டுத் திரும்பி வந்து, அவ மோர்ப் பானை நிழல்ல படுத்துக்கிச்சு.

இப்பவும் அஞ்சலை வரா, மோரு மோருன்னு. முன்னாடி செவலை போகும். புதுசா குடி வந்த ஒரு அம்மா கதவைத் தொறந்து, "ஏம்மா, இந்தக் கடிநாய் யாரு நாய்?"னு கேட்டுச்சு.

அஞ்சலை கெண்டைக்காலைத் தடவிக்கிட்டா. அங்க ஏழாவதா ஒரு கடி, போன வாரம் வாங்கினது.

"என் நாய்"னா. "என் நாய், என் நாய். செம்பை நீட்டு தாயி."