சுரத்துக்கு ஒரு விளக்கம், தோசைக்கு ஒரு விளக்கம்

செங்கழனி நாட்டு மன்னர் குமுதவர்மருக்குப் பாட்டென்றால் உயிர். தாம் கட்டிய பாட்டுகளைத் துணிச்சுருளில் எழுதி நாடெங்கும் அனுப்ப ஆசைப்பட்டார். யார் படியெடுத்தாலும் சுரங்கள் ஒரே அழகில் இருக்க வேண்டும், அதற்கு என்ன வழி என்று சபையில் கேட்டார்.

அமைச்சர் வச்சிரநாதர் முந்திக்கொண்டு எழுந்தார். "ஒவ்வொரு சுரத்துக்கும் பக்கத்திலேயே அதன் நிறம், பருமன், இடைவெளி மூன்றையும் எழுதிவிடலாம், பிரபு. அப்புறம் எழுதுகிறவன் தப்பவே முடியாது."

மன்னர் பூரித்துப்போனார். ஆணை பிறந்தது. கையகலப் பாட்டெல்லாம் கூடம் முழுக்க உருளும் சுருளாக வளர்ந்தது.

வசந்த விழாவில் அரண்மனைப் பாடகி அமுதவல்லி அதைப் பார்த்துப் பாடினாள். 'ச'வைப் பிடித்து அடுத்த 'ரி'யைத் தேடினால், "சிவப்பு, தடித்தது, ஒரு நெல் இடைவெளி" குறுக்கே நின்றது. தாளம் தப்பியது. சபை சிரித்தது.

"நாளை மாலை தடுமாறாமல் பாடு. இல்லையென்றால் நாட்டை விட்டுப் போ" என்றார் மன்னர்.

அழுதுகொண்டே வந்த அவளைப் பார்க்க விகடகவி சேந்தனுக்குப் பாவமாக இருந்தது. கோளாறு தொண்டையில் இல்லை, சுருளில்தான் என்று அவனுக்குத் தெரியும். அதை நேராகச் சொன்னால் தன் தலை கழுத்தில் தங்காது என்பதும் தெரியும்.

"கண்ணைத் துடைத்துக்கொள், அம்மணி. நாளைக் காலை அரசருக்குப் பலகாரம் பரிமாறப் போவது நான்."

காலையில் மன்னர் நல்ல பசியோடு அமர்ந்தார். பக்கத்து இலையில் வச்சிரநாதர். சேந்தன் தோசையை இலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான்.

"இது தோசை. நிறம் பொன், வடிவம் வட்டம், ஓரம் முறுகல்."

போட்டான். மன்னர் இரண்டு வாயில் முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது தோசை. நிறம் பொன், வடிவம் வட்டம், ஓரம்..."

மூன்றாவதற்கும் அதே பாட்டு. மன்னருக்குப் பொறுக்கவில்லை.

"அடேய், எல்லாத் தோசையும் அப்படித்தானே? ஒரு தடவை சொன்னால் போதாதா?"

"நடுவில் ஒன்று கருகியிருந்தால், அரசே?"

"அதை மட்டும் கருகியது என்று சொல். முதலில் போடு."

சேந்தன் போட்டுவிட்டுக் கும்பிட்டான். "இதே ஆணையைச் சுரங்களுக்கும் கொடுங்கள். 'ச' என்றால் சிவப்பு, தடித்தது என்று சுருளின் தலைப்பில் ஒரே தடவை. மாறி வருகிற சுரத்துக்கு மட்டும் பக்கத்தில் ஒரு சொல். அமுதவல்லி தடுமாற வழியே இருக்காது."

மன்னர் கையிலிருந்த தோசையைப் பார்த்தார். பிறகு புரையேறும்வரை சிரித்தார்.

சுருளைச் சுருக்கி எழுதினார்கள். மாலையில் அமுதவல்லி பாடியபோது ஒரு தாளம்கூடப் பிசகவில்லை. மன்னர் தம் முத்துமாலையையே கழற்றி அவளுக்குக் கொடுத்தார். சேந்தனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது.

"இந்த வழி எனக்குப் பிடித்துவிட்டது, சேந்தா. 'என் அமைச்சர்கள் எல்லோரும் அறிவாளிகள்' என்று சபை வாசலில் ஒரே தடவை எழுதி வை."

"அப்படியே ஆகட்டும், அரசே." சேந்தன் வச்சிரநாதரை ஒரு பார்வை பார்த்தான். "கருகிய தோசைக்குப் பக்கத்தில் ஒரு சொல் எழுதிவிடட்டுமா?"