மூங்கில் நல்லி

"எலும்பில்லாத கறியைக் கறின்னு ஆருங்க தாயி நம்புவாங்க?" என்றார் நாச்சிமுத்து.

மடத்தை நடத்தும் அம்மை கிடாவுக்கு அகத்தித் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நம்போணுங்களாண்ணா?"

"நம்பினாத்தானுங்க இவன் பொழைப்பான்" என்று கிடாவைக் காட்டினார்.

அம்மைக்கு வயது முப்பத்தைந்து. நாச்சிமுத்துவுக்கு அறுபது. முப்பது வருஷம் கிடா விருந்துகளில் கறிக்குழம்பு வைத்த கை அது. ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மலையடிவாரத்து மடத்துக்கு வந்து, மகள் வயதுப் பெண்ணிடம் சீடராகச் சேர்ந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், "போதும்னு தோணுச்சு" என்றார்.

அந்தக் கிடா கீழூர் முனியப்பனுக்கு நேர்ந்துவிட்டது. பாவாயி என்ற பெண் நேர்ந்தது. வெட்ட வேண்டாம் என்று அம்மை ஊரைக் கேட்டுக்கொண்டார். ஊருக்கு அம்மை சொல்லைத் தட்டவும் மனசில்லை, விருந்தை விடவும் மனசில்லை. கடைசியில் பூசாரி ஒரு வழி சொன்னார்.

"இந்த வருச விருந்தை உங்க மடத்துலயே போடுங்க. அதுவரைக்கும் கெடாவும் அங்கயே நிக்கட்டும். ஊருக்கு மனசு நெறைஞ்சா, பாவாயியே கயித்தை அவுத்து விடட்டும். நெறையலைன்னா, அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வெட்டிப்போடுவோம்."

அன்றிலிருந்து நாச்சிமுத்துவுக்குத் தூக்கம் போனது. ஆயிரம் கிடாவைச் சமைத்தவர்தான். ஆனால் ஒன்றின் முகத்தையும் அவர் பார்த்ததில்லை. இதுவோ அடுப்புக்குப் பக்கத்திலேயே கட்டிக்கிடந்து, அவர் வேட்டி நுனியை மென்றுகொண்டிருந்தது. அவருக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டது. அதை மறைக்கவும் தெரியவில்லை.

பிஞ்சுப் பலாக்காயை வேகவைத்து நார் நாராகப் பிய்த்தார். மீல்மேக்கரை ஊறவைத்து, பிழிந்து, மசாலாவில் புரட்டி அதோடு சேர்த்தார். ஒரு கிண்ணம் கொண்டுபோய் நீட்டினார்.

அம்மை சாப்பிட்டார்.

"நல்லாருக்குதுங்கண்ணா."

"கறி மாதிரி இருக்குதுங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் கறி தின்னதே இல்லீங்களே."

நாச்சிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு அடுப்படிக்குத் திரும்பினார்.

மறுநாள் பாசிப்பயறை அரைத்து, ஆவியில் வேகவைத்து, ஈரலாக நறுக்கினார். பீட்ரூட் சாற்றில் ரத்தப் பொரியல் தயாரானது. கெட்டித் தேங்காய்ப்பாலில் கொழுப்பு மிதந்தது.

அதற்கடுத்த நாள் எலும்பு. இளமூங்கிலைச் சின்னச் சின்னக் குழாயாக அறுத்து, உள்ளே முந்திரி விழுதை அடைத்து, குழம்பில் போட்டார். உறிஞ்சினால் நல்லி எலும்பேதான்.

"தாயி, இனி எந்தக் கொம்பனாலயும் கண்டுபுடிக்க முடியாதுங்க."

அம்மை மூங்கிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கெடா விருந்தை நீங்க பாத்திருக்கீங்களாண்ணா?"

"என்னுங்க தாயி இப்படிக் கேட்டுப்போட்டீங்க? நூறு விருந்துக்குச் சமைச்சவனுங்க நான்."

"பாத்திருக்கீங்களா?"

"பந்திப் பக்கம் போறதுக்கு அடுப்பு எங்கீங்க விட்டுது?"

அம்மை மூங்கிலைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

விருந்து நாள் வந்தது. மதியத்துக்குள் ஊரே மடத்து முற்றத்தில் பந்தி போட்டு உட்கார்ந்துவிட்டது. வேலிக்கம்பத்தில் கிடா கட்டியிருந்தது. வெட்டரிவாளைத் துணியில் சுற்றி, பூசாரி பக்கத்திலேயே வைத்திருந்தார்.

முதல் வாய் உள்ளே போனதும் பந்தியில் உறிஞ்சும் சத்தம் கிளம்பியது.

ஒருவர் மூங்கிலை வாயிலிருந்து எடுத்தார். கிடாவைப் பார்த்தார். இலையைப் பார்த்தார்.

"நம்ம கெடா அங்க நிக்குது. அப்ப இது ஆரோட கெடாங்க?"

மடத்தில் திருட்டுத்தனமாக வேறு கிடாவை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. நாச்சிமுத்து ஓடிவந்து, ஒரு நல்லியைக் கல்லில் வைத்து உடைத்து மூங்கிலைக் காட்டினார். பந்தி சிரித்துப் புரண்டது. மனுசனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அப்புறமென்ன, பாவாயி? கயித்தை அவுத்து விட்றலாமா?" என்றார் பூசாரி.

பாவாயி எழுந்திருக்கவில்லை. அவள் இலையில் போட்டது போட்டபடி இருந்தது.

"சாப்பாட்டுல குத்தம் சொல்லலீங்க" என்றாள். "தலை எங்கீங்க?"

முற்றத்தில் சிரிப்பு நின்றுபோனது.

கீழூர் வழக்கம் அது. கிடா நேர்ந்தவருக்குத்தான் தலை. பூசாரி அதைத் தாம்பாளத்தில் வைத்து இரண்டு கையாலும் கொடுப்பார். நேர்ந்தவர் அதை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேரும்வரை, பெரியவர் சின்னவர் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். மேளம் முன்னால் போகும். அடுப்படியிலேயே கிடந்த நாச்சிமுத்துவுக்கு இது தெரியாது.

"பையன் மூணு மாசம் காச்சல்ல கெடந்தான். அப்ப நேர்ந்துக்கிட்டேனுங்க" என்றாள் பாவாயி. "ரெண்டு வருசமாத் தழை வெட்டிப் போட்டு வளத்தேன். இந்த ஊர்ல எனக்காக ஆரும் எந்திரிச்சு நின்னதில்லீங்க. இன்னைக்கு நிப்பாங்கன்னு இருந்தேன்."

இலையைத் தள்ளி வைத்தாள்.

பூசாரியின் கை துணிச்சுருள் பக்கம் போனது.

நாச்சிமுத்து பதறிப்போனார். "ஒரே ஒரு நாள் குடுங்க சாமி! பலாக்காயிலயே தலை செஞ்சு தாரேன். கண்ணு, காது, கொம்பு, நாக்கு எல்லாம் வெச்சு. நெசத் தலைக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாதுங்க!"

"பொழுது சாயறதுக்குள்ளன்னு பேச்சுங்க" என்றார் பூசாரி. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

அம்மை அடுப்படிக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் தாம்பாளம் இருந்தது. அதில் ஒரு சேனைக்கிழங்கு. தோண்டியெடுத்த மண்கூடப் போகவில்லை.

அம்மை பூசாரியின் முன்னால் நின்று தாம்பாளத்தை நீட்டினார். பூசாரி கிழங்கைப் பார்த்தார். அம்மையைப் பார்த்தார்.

பிறகு அரிவாளை விட்டுவிட்டு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார். தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு பாவாயியிடம் போய், இரண்டு கையாலும் நீட்டினார்.

"பாவாயி, தலை உனக்கு."

முதலில் மேளக்காரர் எழுந்தார். பிறகு ஒரு கிழவர், பக்கத்து ஆள் தோளைப் பிடித்துக்கொண்டு. பிறகு எச்சில் கையோடு பந்தி முழுக்க எழுந்து நின்றது.

பாவாயி கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். வேலிப்பக்கம் போய், தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். மேளம் கிளம்பியது. அவள் பின்னால் நடந்தாள்.

நாச்சிமுத்துவுக்குக் கிடா பிழைத்த சந்தோஷம் ஒரு பக்கம். பதினைந்து நாள் பட்ட பாடு இன்னொரு பக்கம்.

"தாயி, அதுல கண்ணில்லீங்க, காதில்லீங்க. தலை மாதிரி ஒண்ணுமே இல்லீங்களே!" என்று சொல்லிக்கொண்டே பக்கத்திலிருந்த மணையில் உட்காரப் போனார்.

அம்மை அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உக்காராதீங்கண்ணா. அவங்க இன்னும் வீடு போய்ச் சேரல."