கடலில் ஊற்றிய ஒயின்

அந்தச் சொகுசுக் கப்பலில் யார் சொந்தமாக ஒயின் கொண்டுவந்தாலும் பாதுகாப்பு அதிகாரி தனபாலன் பறிமுதல் செய்து கடலில் ஊற்றிவிடுவார். ஊற்றுவதை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

லாண்டரியில் வேலை பார்க்கும் இருதயம், போன கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்ட திராட்சை ஒயினை அப்படித்தான் பறிகொடுத்தான். இந்த வருடமும் ஒரு பாட்டிலோடு ஏறினான். பழம் பிசைந்து போட்டு நாலே நாள், இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது. வாயில் துணிதான் கட்டியிருந்தான்.

“மூடி எங்கய்யா?” என்றார் தனபாலன்.

“துணியே போதும் சார். கடல்ல ஊத்தப்போறதுக்கு மூடி எதுக்கு?”

“எனக்கே சொல்லித் தர்றியா?” துணியைப் பிய்த்தெறிந்துவிட்டு, ஒரு மூடியைத் தேடிப்பிடித்து இறுகத் திருகி எடுத்துப்போனார்.

மூன்றாம் நாள் அவருடைய அலமாரிக்குள் டமார் என்று ஒரு சத்தம். கேப்டனே ஓடிவந்தார். உள்ளே வெள்ளைச் சீருடைகள் ஏழும் கத்திரிக்காய் நிறத்தில் சொட்டிக்கொண்டிருந்தன.

துவைக்க எடுத்துப்போக வந்த இருதயம் சீட்டையும் பேனாவையும் எடுத்தான்.

“என்ன கறைன்னு எழுதணும் சார். ஒயினுக்கு ஒரு மருந்து, கடல் தண்ணிக்கு வேற மருந்து. எதுன்னு போடட்டும்?”

பதிலுக்காகக் கேப்டனும் காத்திருந்தார்.